மனிதக் குரங்குக்கு மொழி வருமா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து):
சென்ற ஞாயிறன்று ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளை வண்டலூர் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். சிம்பன்சியைப் பார்த்துவிட்டு மின்சார இரயிலில் திரும்பும்போது, குட்டியிலிருந்தே வீட்டில் வளர்த்தால் அது தமிழ் பேசுமா என்று கேட்டாள். குரல்வளை அமைப்பு வேறாக இருப்பதால் பேசாது என்று சொல்லிவைத்தேன். எதிர் இருக்கையில் இருந்த பெரியவரோ, அமெரிக்காவில் கோகோ என்ற கொரில்லா ஆயிரம் சைகைகள் கற்றது என்றார். எது சரி?

மறுமொழி 1 (வியாசர்பாடி):
ஐயா, வீட்டில் வளர்த்துப் பார்த்தே விட்டார்கள். 1940களின் இறுதியில் ஹேய்ஸ் தம்பதியர் விக்கி என்ற சிம்பன்சியைப் பிள்ளைபோல வளர்த்து, உதட்டைக் கையால் பிடித்துக்கூடப் பழக்கினார்கள். சில ஆண்டு உழைப்புக்குப் பின் அதன் வாயில் தெளிவின்றி வந்தவை நான்கு சொற்களே. குரல்வளை விளக்கம் பலகாலம் பாடநூல்களில் இருந்ததுதான். ஆனால் 2016இல் மக்காக் என்ற இனக் குரங்கின் வாயையும் தொண்டையையும் எக்ஸ்ரே காணொளியில் பதிந்து ஆராய்ந்தவர்கள், வெவ்வேறு உயிரொலிகளை எழுப்ப அந்த உறுப்புகளே போதும் என்றும், அவற்றை இயக்கும் மூளைக் கட்டுப்பாடுதான் இல்லை என்றும் காட்டினார்கள்.

வாய் வேண்டாம், கை போதும் என்று 1966இல் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். அது ஏறக்குறைய 130 சைகைகள் கற்றதாக அறிவித்தார்கள். அடுத்து வந்த நிம் என்ற சிம்பன்சிதான் வழக்கைத் திருப்பியது. அந்த ஆய்வை நடத்திய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ், மொழி வரும் என்று நிறுவவே புறப்பட்டவர். காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, ஆசிரியர் முன்னதாகக் காட்டிய சைகையையே நிம் பெரும்பாலும் திருப்பிக் காட்டுவதைக் கண்டு, 1979இல் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். அதன் மிக நீண்ட 'வாக்கியம்' இது: கொடு ஆரஞ்சு நான் கொடு தின் ஆரஞ்சு நான் தின் ஆரஞ்சு கொடு நான் தின் ஆரஞ்சு கொடு நான் நீ. பதினாறு சைகைகள் இருந்தும், செய்தி ஒன்றுதான்.

மறுமொழி 2 (இராயபுரம்):
நம் தெருவில் வரும் பூம்பூம் மாடு தலையாட்டுவது நாம் கேட்ட கேள்விக்கா, மாட்டுக்காரர் கையிலுள்ள கயிற்றுக்கா? பெர்லினில் குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கயிறுகூடத் தேவைப்படவில்லை. கேட்பவரின் தலை தம்மையறியாமல் அசைவதை அது கவனித்தது என்று 1907இல் கண்டுபிடித்தார்கள். கோகோவின் ஆயிரம் சைகை என்பதும் அதை வளர்த்த பேட்டர்சன் தரும் கணக்கு. பொருள் சொன்னவரும் பெரும்பாலும் அவரே.

மறுமொழி 3 (பெரம்பூர்):
இராயபுரத்து அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேளாது. எங்கள் வீட்டில் சைகைதான் பேச்சு. கையை நீட்டுவதெல்லாம் சைகை ஆகாது. கையின் வடிவம், இடம், அசைவு, முகபாவம் எல்லாம் சேர்ந்தால்தான் இலக்கணம். வாஷோவைக் கவனித்த குழுவில் சைகையைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த காது கேளாதவர், காது கேட்கும் மற்றவர்களைவிட மிகக் குறைவான சைகைகளையே தாம் கண்டதாகப் பின்னர் கூறினார். எனக்கு இதில் வியப்பே இல்லை.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் கான்சி என்ற போனபோ (சிம்பன்சிக்கு நெருங்கிய மனிதக் குரங்கு) ஆங்கிலம் புரிந்துகொண்டது என்பதும் கயிறுதானா?

மறுமொழி 1 (வியாசர்பாடி):
இல்லை, அதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. சூ சாவேஜ்-ரம்பா என்ற ஆய்வாளர், சொல்லுக்கு ஒரு குறி என்று குறிப்படங்கள் கொண்ட பலகையில் பழக்கியது அதன் வளர்ப்புத்தாய் மட்டாட்டாவை. மடியில் விளையாடிக்கொண்டிருந்த கான்சி தானாகவே கற்றது. பின்னர், பேசுபவரின் முகம் தெரியாத வகையிலும் ஏவல்கள் சொல்லிச் சோதித்தார்கள். 1993இல் வெளியான முடிவின்படி 660 ஏவல்களில் அது 72 விழுக்காடு சரியாகச் செய்தது. ஒப்பிடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை 66 விழுக்காடு. நாய் பாம்பைக் கடிக்கும்படி செய் என்றபோது, பொம்மைப் பாம்பை எடுத்துப் பொம்மை நாயின் வாயில் வைத்து மூடியது. தமிழில் ஓர் ஐகார உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல்வரிசை செய்கிறது. அந்த வரிசையை ஓரளவாவது கான்சி கவனித்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பலகையில் அது தானாகக் காட்டியவை பெரும்பாலும் தீனியும் விளையாட்டும் கேட்பவை. புரிந்துகொண்ட அளவுக்கு அது கோத்துச் சொல்லவில்லை.

மகளிடம் குரல்வளை பற்றிச் சொன்னதை மட்டும் திருத்திவிடுங்கள்.