ஏசாயா 53 இயேசுவைப் பற்றித்தான் என்று எப்படிச் சொல்வது?

டோனாவூர் அக்கா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் ஞாயிறு பள்ளியின் பெரிய வகுப்பை எடுக்கிறேன். போன வாரம் ஏசாயா 53, மற்றவர்கள் பாவத்துக்காக அடிபட்டுச் சாகிற கர்த்தருடைய தாசனைப் பற்றின அதிகாரம். "எழுநூறு வருஷத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிருக்கு பாத்தியளா" என்று வழக்கம்போல முடிக்கப் போனேன். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் எழுந்து, "அக்கா, இது யூதங்க வேதம்தானே? அவங்களுக்கே இது இயேசுன்னு தெரியலையே, நமக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றான். வம்புக்குக் கேட்கவில்லை. வேதத்தை நிஜமாகவே வாசிக்கிற பிள்ளை. "விசுவாசிச்சாப் போதும், உக்காரு" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உபதேசியாரிடம் கேட்டேன். நிறைவேறின தீர்க்கதரிசனங்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் தந்தார். அதில் ஓசியா 11:1-ம் இருக்கிறது, எகிப்திலிருந்து குமாரனை வரவழைத்தேன் என்கிற வசனம். அங்கே போய்ப் பார்த்தால் அந்தக் குமாரன் இஸ்ரவேல் ஜனம் என்று அதே வசனம் சொல்கிறது. பையன் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பாளை வாத்தியார்:

மகளே, அந்தப் பட்டியலை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஓசியா வசனத்தை மத்தேயு எடுத்து இயேசுவுக்குப் பொருத்திக் கையாண்ட விதம் அந்தக் காலத்து யூதர்கள் வேதம் வாசித்த விதம். விசுவாசிக்கு அதில் அழகு தெரியும். சந்தேகப்படுகிறவனுக்கு அது சாட்சி ஆகாது.

பையன் கேட்டது வேதத்துக்குள்ளேயே இருக்கிற கேள்வி. அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் இருந்து வாசிப்பது இதே அதிகாரத்தைத்தான். தீர்க்கதரிசி யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னையா வேறொருவரையா என்று அவர் பிலிப்புவிடம் கேட்கிறார். கேட்டதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

யூதர்களுக்கே தெரியவில்லை என்பது பாதிதான் சரி. பேதுரு, பவுல், யாக்கோபு எல்லோரும் யூதர்கள்தானே. ஏசாயாவின் பழைய அரமேயிக் மொழிபெயர்ப்பான தார்கும்கூட அந்தத் தாசனை மேசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த இரட்சகர், என்றே சொல்கிறது. ஆனால் பாடுகளை மட்டும் அவரிடமிருந்து எடுத்து மற்றவர்கள் மேல் வைத்துவிடுகிறது. அடிபடுகிற மேசியாவை அவர்களால் ஏற்க முடியவில்லை. பிற்காலத்தில் ராஷி போன்ற பெரிய ரபிகள் தாசன் என்பது இஸ்ரவேல் ஜனம்தான் என்றார்கள். தாசனை இஸ்ரவேல் என்றே அழைக்கிற ஏசாயா 49:3 அவர்களுக்குப் பலமான ஆதாரம், அதைப் பையனுக்குக் காட்டுங்கள். அப்படியே 49:6-ஐயும் காட்டுங்கள். அங்கே தாசன் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவருகிறவர். ஆக, இரண்டு பக்கமும் வாசிக்க இடமிருக்கிறது.

கிறிஸ்தவர்கள் பிற்பாடு எழுதிச் சேர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் அது நிற்காது. 1947-ல் சாக்கடல் பக்கத்துக் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. 53-ம் அதிகாரம் அதில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முழுப் பாரத்தையும் தீர்க்கதரிசனத்தின் மேல் ஏற்ற வேண்டாம். நான் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு மனுஷனை. இயேசுவின் சகோதரன் யாக்கோபு.

இயேசு ஊழியம் செய்த நாளில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. மாற்கு 3:21-ல் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்களே பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். சபைக்குப் பெருமை தராத விஷயம், யாரும் கதை கட்டி எழுத மாட்டார்கள். அப்புறம் கலாத்தியர் 1-ஐப் பாருங்கள். பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கி, யாக்கோபையும் கண்டேன் என்கிறார். 1 கொரிந்தியர் 15-ல் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் வரிசையில் அதே யாக்கோபு பேர் வருகிறது. அந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 55-ல் எழுதியது. அதிலும், தனக்கு முன்னவர்கள் ஒப்புவித்ததையே சொல்கிறேன் என்கிறார் பவுல். கடைசியில் ஜொசீஃபஸ். அவர் கிறிஸ்தவர் இல்லை, யூதச் சரித்திரக்காரர். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பிரதான ஆசாரியன் அனனு கல்லெறிய ஒப்புக்கொடுத்தான் என்று எழுதுகிறார். அது கி.பி. 62. (அதே புஸ்தகத்தில் இயேசுவைப் பற்றி வருகிற பெரிய பத்தியில் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது. அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.)

கூடப் பிறந்தவனை மேசியா என்று நம்புவது லேசா? அதுவும் சிலுவையில் செத்தவனை. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21:23 சொல்லும்போது? யாக்கோபுக்கு என்னவோ நடந்திருக்கிறது. அதுவரைக்கும் சரித்திரம் நம்மைக் கொண்டுபோய் விடும்.

விசுவாசித்தால் போதும் என்று நம்ம சீமையிலும் எல்லோரும் வந்துவிடவில்லை. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், 1858-ல் ஞானஸ்நானம் எடுத்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

மேலப்பாளையம் பாய்:

வாத்தியாரய்யா, எங்களுக்கும் ஈஸா நபி, நீங்கள் சொல்கிற இயேசு, மஸீஹ்தான், அதாவது மேசியாதான். ஆனால் அவரைச் சிலுவையில் அறையவில்லை என்பது எங்கள் வேதம் (4:157). அதை விடுங்கள், அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. நான் கேட்பது வேறு. சப்பத்தாய் செவியை யூதர்களில் ஏராளமானவர்கள் மேசியா என்று நம்பினார்கள். 1666-ல் துருக்கி சுல்தான் முன்னால் அவர் இஸ்லாத்துக்கு வந்துவிட்டார். அதற்கு அப்புறமும் ஒரு கூட்டம் விளக்கம் சொல்லிக்கொண்டு அவரை விடவே இல்லை. நம்பினவர்கள் ஏமாந்தால் காரணம் தேடிக்கொள்வார்கள் என்றுதானே இது காட்டுகிறது? பேதுருவும் மற்றவர்களும் அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பாளை வாத்தியார்:

பாய், நல்ல கேள்வி. பேதுருவை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் வாதம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். மேசியாவை நம்பின கூட்டம் தோற்றால் கலைந்துதான் போகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். மேசியா என்று நம்பப்பட்ட யூதத் தலைவன் பார் கோக்பா கி.பி. 135-ல் செத்ததும் அவன் இயக்கம் முடிந்ததைக் காட்டுவார்கள். சப்பத்தாயைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

ஆனால் சப்பத்தாயை விடாமல் பிடித்துக்கொண்டது ஏற்கெனவே அவரை நம்பினவர்கள். யாக்கோபு நம்பாத வீட்டுக்காரன். பவுல் சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்தவர். இவர்களுக்குத் தேற்றிக்கொள்ள ஒரு ஏமாற்றமே இல்லையே. சிலுவையைப் பற்றி ஒன்று மட்டும் மரியாதையோடு சொல்கிறேன்: பிலாத்து கையில் கிறிஸ்து தண்டனை அடைந்து செத்தார் என்று ரோமச் சரித்திரக்காரர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார், அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது.

மகளே, உங்களுக்கு இன்னும் ஒன்று. யூதர்கள் இன்றைக்கும் கேட்கிற பெரிய கேள்வி ஏசாயா 11. மேசியா வந்துவிட்டார் என்றால் ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குவது எங்கே, பூமியில் சமாதானம் எங்கே? இரண்டாம் வருகையில் நடக்கும் என்பது நம் பதில். அது நம்பிக்கை. சரித்திரத்தைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது. நான் அதை முழு மனசோடு நம்புகிறேன், ஏனென்றால் யாக்கோபை மாற்றினவர் மீதியையும் செய்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. பையனிடம் இந்த இடத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். அடுத்த வாரம் வகுப்பில் 53-ஐயும் 11-ஐயும் சேர்த்தே வாசிக்கச் சொல்லுங்கள், அவனையே வாசிக்க விடுங்கள்.