கலர் டிவியின் மூலையில் ஊதாக் கறை: டியூப் போய்விட்டதா?

கல்லடிக்காரன்
வணக்கம். அப்பாவின் 21 அங்குல பழைய கலர் டிவியை அக்கரைப்பற்றிலிருந்து வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். படம் தெளிவாக வருகிறது. ஆனால் வலது மேல் மூலையில் ஊதா பரவி நிற்கிறது. திருத்துகிற இடத்தில், படம் காட்டும் டியூப் போய்விட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். அப்பாவுக்கு மனமில்லை. உள்ளே, திரைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைத் தகட்டை வேறு டியூபிலிருந்து எடுத்து மாற்றலாமா?

கல்முனை ரேடியோ
தம்பி, அவசரப்பட்டுப் போட வேண்டாம். டியூப் தளர்ந்தால் படம் முழுக்க மங்கும். ஒரு மூலை மட்டும் நிறம் மாறினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதா? டிவியை வேறு திசைக்குத் திருப்பினால் கறை மாறுகிறதா?

கல்லடிக்காரன்
ஸ்பீக்கர் இருந்தது அண்ணே, தள்ளி வைத்தேன். கறை கொஞ்சம் குறைந்தது. திருப்பினால் மாறவும் செய்கிறது. முன்பு சுவிட்ச் போட்டதும் ஒரு 'டொம்' கேட்கும், இப்போது இல்லை.

கல்முனை ரேடியோ
அப்போ விஷயம் அதுதான். டியூபைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் ஓடுகிறது. சுவிட்ச் போட்டதும் அதில் மின்சாரம் பலமாகப் பாய்ந்து, சில செக்கன்களில் அடங்கி, நீங்கள் சொன்ன ஓட்டைத் தகட்டில் ஏறி நிறத்தைக் கெடுக்கும் காந்தத்தை அழிக்கும். அதை அடக்குவது போசிஸ்டர், சூடானதும் மின்சாரத்தைத் தடுக்கிற ஒரு சின்னப் பாகம். வான் குலுக்கலில் அதன் ஈயப்பற்று விட்டிருக்கலாம். பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக், மட்டக்களப்பு
தகடு மாற்ற முடியாது தம்பி. கண்ணாடி முகப்பின் உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் பொடியைப் பதித்ததே அந்தத் தகட்டின் ஓட்டைகள் வழியே ஒளி பாய்ச்சித்தான். மூன்று நிறத்துக்கும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அந்தந்த நிறத்தின் எலக்ட்ரான் கதிர் வரும் கோணத்தில் விளக்கை வைத்தார்கள். அதனால் ஒரு முகப்புக்கு ஒரு தகடு, அவ்வளவுதான். அப்புறம் முகப்பையும் பின்புனலையும் கண்ணாடிப் பசையால் 400 பாகை செல்சியஸுக்கு மேல் சூளையில் ஒட்டி, காற்றை உறிஞ்சி மூடினார்கள். திறந்தால் டியூப் முடிந்தது. எத்தனை கவனமான வேலை! அதை ஒரு மூலைக் கறைக்காகக் குப்பையில் போடச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். டியூபின் பக்கத்தில் உள்ள ரப்பர் மூடிக்குக் கீழே 25,000 வோல்ட் வரை நிற்கும், நிறுத்திய பிறகும் தங்கியிருக்கும்.

கல்லடிக்காரன்
போசிஸ்டர் காலில்தான் வெடிப்பு. ஈயம் வைத்ததும் கறை போய்விட்டது, நன்றி! ஊரில் இன்னொரு டிவி படமே வராமல் கிடக்கிறது. அதன் டியூபை உடைத்துப் போடலாமா?

பழைய மெக்கானிக், மட்டக்களப்பு
வேண்டவே வேண்டாம். உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும். புனல் கண்ணாடியில் ஈயமும் நிறைய உண்டு. டியூபின் பின்பக்கக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், முழுதாகவே இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.