8 அங்குலக் கணினித் தொலைநோக்கி: கோமா நீக்கிய வகைக்குக் கூடுதல் பணம் தரலாமா?

மன்னார்குடி மாடி:
வணக்கம். ஆறு ஆண்டுகளாக 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்றைக் கையால் திருப்பியே பார்த்து வருகிறேன். பொருளின் பெயரைக் கொடுத்தால் தானே திரும்பித் தேடிப் பிடிக்கும் 8 அங்குல ஷ்மிட் காசிகிரேன் (ஆடிகளோடு முன்புறம் ஒரு கண்ணாடித் தகடும் கொண்ட தொலைநோக்கி வகை) ஒன்றை இப்போது வாங்க எண்ணுகிறேன். அதே அளவில் செலஸ்ட்ரான் எட்ஜ் எச்.டி., மீட் ஏ.சி.எஃப். போன்ற, கோமா எனும் ஓரப் பிம்பச் சிதைவைக் குறைத்த வகைகளும் இருக்கின்றன. ஆனால் விலை உறுத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோள்களைக் காட்டுவதே முதன்மை நோக்கம். பிறகு மெல்ல மெல்லப் படமெடுக்கவும் ஆசை. எதை வாங்கலாம்?

வில்லைப் பித்தன்:
சாதாரண ஷ்மிட் காசிகிரேனில் முதன்மை ஆடி கோள வடிவானது. அதனால் எழும் கோளப் பிறழ்ச்சியை (ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாத குறையை) முன்புறத் திருத்தித் தகடு நீக்கிவிடுகிறது. ஆனால் கோமா எஞ்சி நிற்கும். புலத்தின் (கருவியில் தெரியும் வான்பரப்பின்) நடுவில் புள்ளியாகத் தெரியும் விண்மீன், ஓரத்துக்குப் போகப் போக வால்மீனைப் போல ஒரு பக்கம் இழுபட்டுத் தெரிவதால்தான் அதற்கு இப்பெயர். இதோடு புல வளைவும் சேர்ந்துகொள்வதால், நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் மங்குகிறது.

ஏ.சி.எஃப். வடிவமைப்பு கோமாவை நீக்கினாலும் புல வளைவை அப்படியே விட்டுவிடுகிறது, எட்ஜ் எச்.டி. உட்குழாயில் கூடுதல் வில்லைகளை வைத்து இரண்டையும் திருத்துகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: 8 அங்குலக் கருவியில் கேமராவின் உணரி, பின்புறத் திருகு விளிம்பிலிருந்து 133.35 மி.மீ. தொலைவில் அமைய வேண்டும்; இல்லையேல் கொடுத்த பணத்தின் பயன் ஓரங்களில் கிடைக்காது.

சனியையும் வியாழனையும் எப்போதும் புலத்தின் நடுவில் வைத்தே பார்ப்போம். அவற்றைக் காட்ட இவ்வளவு செலவு தேவையே இல்லை என்பது என் கருத்து.

திருவையாற்றுக் கரை:
மேற்சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நம் டெல்டாவில் கோமாவைவிடப் பெரிய எதிரி பனிதான். ஒரு மார்கழி இரவில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில், அரை மணி நேரத்துக்குள் திருத்தித் தகடு முழுக்க வியர்த்துப்போனது. அவசரத்தில் வேட்டித் துணியால் துடைத்துவிட்டேன். அந்தக் கீறல்கள் பூச்சின் மேல் இன்றும் இருக்கின்றன. பனிக்கவசமும், குழாய் முனையைச் சுற்றிக் கட்டும் சூடாக்கிப் பட்டையும் இல்லாமல் எந்த வகையையும் வாங்காதீர்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

படமெடுப்பதற்கு வேறொரு தடையும் உண்டு. துருவ விண்மீன் நமக்குச் சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; பல வீடுகளில் அது தென்னை மட்டைக்குப் பின்னால் போய்விடும். எனவே பெரும்பாலும், கருவியின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் ஆப்புத் தாங்கி இல்லாமல், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்பும் கிடைநிலைத் தாங்கியிலேயே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதில் கருவி விண்மீனைப் பின்தொடர்ந்தாலும் புலம் மெல்லச் சுழலும். நம் அட்சரேகையில் வடக்கிலும் தெற்கிலும் அச்சுழற்சி விரைவு, நேர் கிழக்கிலும் மேற்கிலும் மிகக் குறைவு. ஆகவே சில நொடிகள் மட்டும் நீளும் படங்களைப் பல எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

குடந்தை வாசகர்:
கணினிப் பகுதியைப் பற்றி ஒரு சொல். செலஸ்ட்ரான் கைக்கருவியில் தேதியை மாதம் முதலில் வருமாறு இட வேண்டும். கோடைகால நேரத்தை (டேலைட் சேவிங்) அணைத்து, இந்திய நேர வேறுபாடு ஐந்தரை மணி என்பதையும் சரிபார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நிலாவைக் கேட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டும். கருவிக்கு வானின் திசையை உணர்த்தும் சீரமைப்புக்கான இரு விண்மீன்களை வானில் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியிருப்பவையாகத் தேர்ந்தெடுங்கள்.

மன்னார்குடி மாடி:
மூவருக்கும் நன்றி. சாதாரண வகையையே வாங்கி, மிச்சப் பணத்தில் சூடாக்கிப் பட்டையும் 12 வோல்ட் மின்கலமும் சேர்க்கிறேன். ஆனால் ஒமேகா சென்டாரி போன்ற அகன்ற விண்மீன் கொத்தைப் பார்க்கும்போது ஓரத்துக் கோமா உறுத்துமா?

வில்லைப் பித்தன்:
உறுத்தலாம், ஆனால் கண்ணால் பார்க்கையில் பொறுத்துக்கொள்ளும் அளவுதான். மே மாத நடுவில், இரவு பத்து மணியளவில், அது தெற்கே ஏறக்குறைய 32 பாகை உயரத்தில் நிற்கும். 32 மி.மீ. கண்ணருகு வில்லையைப் போட்டு நடுவில் வையுங்கள்.