சோலார் வேலி: மெஷின்ல 8 கேவி, கடைசிக் கம்பில 2 தான் வருதுங்க. யானை கல்லுக்காலைத் தள்ளிருது

இட்டேரிக்காடு:
வணக்கமுங்க. காரமடைக்கு மேக்க மலையடிவாரத்துல 4 ஏக்கர் நேந்திரன் வாழை. தார் வெட்ட இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்க. சுத்திவர 600 மீட்டருக்கு 5 கம்பி சோலார் வேலி, கல்லுக்கால்ல கட்டியிருக்குது. ஒரு பக்கம் பூராவும் இட்டேரி (வேலிக்கு நடுவுல போற தடம்), கிளுவை வேலி. கோடை மழை ரெண்டு பெஞ்ச பின்னால பவர் இறங்கிப்போச்சு. வேலிக் கம்பியக் கழட்டிட்டு, கரண்டு குடுக்கற மெஷின மட்டும் அளந்தா 8.2 கேவி (8,200 வோல்ட்). மாட்டுனா மெஷின்கிட்டயே 3.4, கடைசில 2.1. யானை ரெண்டு காலைத் தள்ளிட்டு உள்ள வந்துருச்சு. காட்டுப்பன்றி அடிக்கம்பிக்குக் கீழயே பூந்து போகுது. போட்டுக்குடுத்தவங்க பெரிய மெஷின் மாத்தோணும்ங்கறாங்க. பக்கத்துத் தோட்டத்துல ராத்திரிக்கு மட்டும் ஈபி லைனை ஒரு கம்பில குடுத்துருன்னு சொல்றாங்க. என்ன பண்றதுங்க?

எர்த்துக்கம்பி:
மெஷினை மாத்த வேண்டாமுங்க. கழட்டுனா 8.2, மாட்டுனா 3.4 அப்படின்னா மெஷின் நல்லாத்தான் இருக்குது, வேலிலதான் எங்கயோ கரண்டு ஒழுகுது. இந்த 600 மீட்டருக்கு இப்ப இருக்கறதே தாராளம்.

ஒழுகற இடத்தைக் கண்டுபிடிக்க, வேலிய 150 மீட்டருக்கு ஒரு துண்டாப் பிரிச்சு நடுவுல கட்-ஆஃப் ஸ்விட்ச் போடுங்க. தூரத்துத் துண்டுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி, ஒவ்வொரு தடவையும் மெஷின்கிட்ட அளந்து பாருங்க. எதைக் கழட்டுனதும் கேவி சடார்னு ஏறுதோ அந்தத் துண்டுலதான் கோளாறு. அப்புறம் இருட்டுனதும் அதை ஒட்டி நடந்து போங்க. ஒழுகற இடத்துல நொடிக்கு ஒருக்கா ‘டிக் டிக்’குனு கேக்கும், நீலப்பொறி கூடத் தெரியும். காத்தடிச்சு சத்தம் கேக்கலீன்னா சின்ன ஏஎம் ரேடியோவை ஸ்டேசன் இல்லாத இடத்துல வெச்சுக் கொண்டுபோங்க. கிட்டப் போகப்போக டிக் சத்தம் பலமாகும்.

மொதல்ல பாக்க வேண்டியது கிளுவை. மழைக்குத் தளுத்து கம்பில உரசியிருக்கும். ஈர இலை ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக் கரண்டை மண்ணுக்கு இறக்கிரும். கம்பிக்கும் கிளுவைக்கும் 3 அடி இடைவெளி வேணும். அடில கொழுக்கட்டைப்புல், கோரை எல்லாம் ரெண்டடி அகலத்துக்குச் செதுக்கி வைங்க. மழைக்காலத்துல 15 நாளைக்கு ஒருக்கா இந்த வேலை உண்டு.

ரெண்டாவது, இன்சுலேட்டர், அதாவது கம்பிக் கரண்டு கல்லுக்கால்ல இறங்காமத் தடுக்கறது. கல்லுக்கால்ல சொட்டுநீர்க் குழாயை வெட்டிச் சொருகிக் கம்பி கட்டியிருந்தா, வெயில்ல வெடிச்சு மழைத்தண்ணி உள்ள போய் அந்த வழியா ஒழுகும். பீங்கானோ நல்ல இன்சுலேட்டரோ மாத்தியே ஆகோணும்.

மூணாவது, கேட்டு. கேட்டுக்கு அடில மண்ணுல பொதைச்ச வயர் வீட்டு வயரிங் வயரா? அதோட உறை சில நூறு வோல்ட்டுக்குத்தான் தாங்கும். 8,000 வோல்ட் அதைப் பொத்துக்கிட்டு மண்ணுல இறங்கிரும். வெளிய பாத்தா எதுவும் தெரியாது, அதனாலதான் நெறையப் பேரு இதை விட்டுர்றாங்க. வேலிக்குன்னே விக்கற ரெட்டை உறை கேபிளை பிவிசி பைப்புக்குள்ள விட்டுப் பொதைங்க. ஜாயிண்டுல செம்புக்கம்பியும் ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) கம்பியும் சேரக்கூடாது. ஈரம் பட்டா அரிச்சுப்போகும்.

மலையோரம்:
ஈபி லைன் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்யவே செய்யாதீர்கள். சோலார் மெஷின் தரும் அடி நொடிக்கு ஒன்றுதான், அதுவும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். பட்ட உயிர் விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது. 230 வோல்ட் மின்சாரம் விடாமல் ஓடும். சதை இறுகி, பிடித்த கை கம்பியை விடாது. உயிரைக் கொல்ல 0.1 ஆம்பியரே போதும் என்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகவும் போகாது. இருட்டில் தண்ணீர் கட்ட வருகிற ஆளும் அதே கம்பியில்தான் மாட்டுவார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பூமி என்றால் சோலார் வேலிக்கும் வனத்துறை அனுமதியும் பதிவும் வேண்டும். உங்கள் வேலி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி யானை. தந்தத்தில் மின்சாரம் பாயாது. அது தெரிந்த யானை தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும், அல்லது கம்பி படாத இடமாகப் பார்த்துக் கல்லுக்காலைத் தள்ளும். உங்கள் கம்பி கல்லுக்காலின் உட்பக்கம் இருந்தால் யானைக்கு வெறும் கல்தான் எதிரே நிற்கிறது. கம்பியைக் காட்டுப்பக்கம் மாற்றுங்கள். அதோடு ஒவ்வொரு கல்லுக்காலிலும் வெளியே நீட்டிய ஒன்றரை அடி நீளக் கை (பிராக்கெட்) பொருத்தி, 4 முதல் 5 அடி உயரத்தில் ஒரு கம்பியை வெளியே தள்ளி ஓட்டுங்கள். காலைத் தொடும் முன் தும்பிக்கையோ நெஞ்சோ அதில் பட வேண்டும். வேலி ஓரம் சாயக்கூடிய மரம் இருந்தால் கவனம், அதைத் தள்ளிக் கம்பி மேல் போட்டுவிட்டு வரும்.

பன்றிக்கு அடி மூக்கில் விழ வேண்டும். தோலும் மயிரும் தடிப்பு. தலை நுழைந்த பிறகு முதுகில் பட்டால் பின்வாங்காது, முன்னால்தான் பாயும். அதனால் அடிக்கம்பியை 10 அங்குலத்தில் கட்டுங்கள், அடுத்ததை 20-ல். அதற்கும் கீழே இறக்காதீர்கள். எறும்புத்தின்னி அடி பட்டதும் ஓடாமல் கம்பி மேலேயே சுருண்டுகொள்ளும். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும். இரண்டும் அடுத்தடுத்த அடியில் செத்துவிடும்.

இட்டேரிக்காடு:
ரொம்ப நன்றிங்க. கேட்டு வயர்தானுங்க மொதக் கோளாறு. அதை மாத்தி, கிளுவைய வெட்டிவிட்டதுக்கு இப்பக் கடைசில 6.3 வருது. ஆனா மாசி பங்குனில 6 கேவி இருந்தப்பவும் யானை பெருசாப் பயப்படலீங்க. அதான் புரியலை. எர்த்து ராடு ஒண்ணுதான், 3 அடி. கீழ சுக்கான் பாறை.

எர்த்துக்கம்பி:
பதில் உங்க கடைசி வரிலயே இருக்குதுங்க. கரண்டு கம்பில இருந்து யானை வழியா மண்ணுக்கு எறங்கி, மண்ணு வழியா எர்த்து ராடுக்குத் திரும்பி வந்தாத்தான் அடி விழும். காஞ்ச சுக்கான் மண்ணும் ஒத்தை ராடும் அந்த வழிய அடைச்சுரும். மீட்டர்ல 6 காட்டும், யானைக்கு உறைக்காது.

சோதிக்கறது சுலபம். மெஷின ஆஃப் பண்ணிட்டு, 100 மீட்டர் தள்ளி நாலஞ்சு இரும்புக் கம்பிய மண்ணுல நட்டு வேலி மேல சாய்ச்சு வைங்க. ஆன் பண்ணுனா வேலி 2 கேவிக்குக் கீழ எறங்கோணும். எறங்கலீன்னா கம்பிய இன்னும் கூட்டுங்க. அப்ப எர்த்து ராடுல அளங்க. 0.3 கேவிக்கு மேல வந்தா எர்த்து பத்தாது. 6 அடி ஜிஐ ராடு மூணு, 10 அடிக்கு ஒண்ணா, தொட்டித்தண்ணி வழிஞ்சு எப்பவும் ஈரமா இருக்கற எடத்துல அடிங்க. குழில கரியும் உப்பும் போட்டு, கோடைல வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. மோட்டார் எர்த்துல இருந்து 30 அடியாவது தள்ளி இருக்கோணும்.

இதோட உங்க 5 கம்பில 2, 4 ரெண்டையும் எர்த்தோட சேத்துருங்க. 1, 3, 5ல பவர். மண்ணு எவ்வளவு காஞ்சாலும் ரெண்டு கம்பிய ஒண்ணாத் தொட்டா அடி விழும். ஆனாக் கம்பி தொங்கக்கூடாது, தொங்கி ஒண்ணோட ஒண்ணு பட்டா மொத்த வேலியும் செத்துரும்.

பேட்டரிய வெயில் ஏறறதுக்கு முன்னால அளந்து பாருங்க. 12.2 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா பேனல்ல தூசியோ தென்னை நெழலோ இருக்குது. தார் வெட்டற வரைக்கும் பகல்லயும் ஆஃப் பண்ண வேண்டாம். வேலைக்கு வர்றவங்களுக்கு ஸ்விட்ச் எங்கிருக்குதுன்னு காட்டி வெச்சிருங்க.