கேட்டனரி: தொங்கலா, தொடரியா, தோரணமா?

அன்பு நண்பர்களுக்கு,

இரு முனைகளில் கட்டிய கயிறோ சங்கிலியோ தளர்ந்து தொங்கும்போது கிடைக்கும் வளைவரைக்கு (வளைந்த கோட்டுக்கு) ஆங்கிலத்தில் கேட்டனரி (catenary) என்று பெயர்; அதற்குத்தான் நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'தொங்கல் வளைவரை' என்று போன வாரம் முன்மொழிந்தவன் நான்தான். அதை நானே திரும்பப் பெறுகிறேன். தொங்குபாலத்தின் வடமும் தொங்கத்தானே செய்கிறது என்று பாலப் பொறியாளர் ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வடம் தன் எடையைவிடப் பெரிய தளத்தைச் சுமக்கிறது. சுமை கிடைமட்டத்தில் சீராகப் பரவுவதால் அது பரவளையம் (parabola) என்ற வேறு வளைவரை. நம் வளைவரையோ தன் எடையை மட்டும் தாங்கும் கயிற்றுக்கு உரியது. எடை அதன் நீளம் நெடுகச் சீராக இருக்கவேண்டும். கலிலியோவே இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றுதான் எழுதினார். 1691-இல் கணித அறிஞர்கள் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் தொங்கும் சங்கிலியின் வடிவம் எது என்பதற்குச் சரியான விடையைக் கொடுத்தார்கள்.

இன்னொரு யோசனையான 'தொடரி' மட்டும் வேண்டாம். பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலி, சரி. ஆனால் தனித்தமிழ் அன்பர்களுக்குத் தொடரி என்றால் ரயில். இங்கே மும்பை லோக்கல் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பிக்கும் கேட்டனரி என்றே பெயர். தொடரிக்கு மேல் தொடரி! (அந்தக் கம்பி இன்னொரு கம்பியையும் சுமப்பதால் அதைப் பரவளையம் என்றாலும் தப்பில்லை.)

இப்போது என் சொல்: 'தோரண வளைவரை'.

மாட்டுங்கா கடைத்தெருவில் மாவிலைத் தோரணம் வாங்கி வந்தேன். வழக்கமாக இழுத்துக் கட்டுவேன். இந்த முறை தளர்த்திவிட்டேன். இலைகள் ஒரே இடைவெளியில் கோத்திருந்தன, அதாவது எடை கயிற்றின் நீளம் நெடுகச் சீராக. படமெடுத்து, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வாயில் வளைவு! தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் கல் வளைவு நிற்கும் என்று 1670-களில் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராகச் சொன்னதும் இதைத்தான். ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கவுடி, நூலில் சிறு பைகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தேவாலயத்துக்கு வடிவம் தேடியதும் இதே வழியில்தான். தமிழிலோ வாசலில் தொங்குவதும் தோரணம், கல்லில் நிற்பதும் தோரண வாயில். (கோயில் தோரணங்களை இந்தக் கணக்குப்படி செதுக்கினார்கள் என்று நான் சொல்லவரவில்லை.)

தோரணம் வடசொல் என்று யாரேனும் கிளம்பலாம். சங்கிலி மட்டும் என்னவாம்?

நிற்கும் வளைவுக்குக் 'கவிழ் தோரணம்' என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வளைவரையைச் சுழற்றினால் கிடைக்கும் பரப்புக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'தோரணப் பரப்பு' எனக்கே கொஞ்சம் உதைக்கிறது.