திருவருகைக் காலம்: மூன்று சொல், நான்கு அன்பியக் கூட்டம். எப்படிப் பிரிப்பது?

நெய்தல் கேட்டது:

திருவருகைக் காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களுக்கு, 2026 நவம்பர் 29 தொடங்கி நான்கு வாரம் அன்பியக் கூட்டம் (ஆலயப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) நடத்த வேண்டும். தலைப்பு பங்கிலிருந்தே வந்துவிட்டது: காத்திருத்தல், நம்பிக்கை, கீழ்ப்படிதல். கூட்டம் 45 நிமிடம். 20 பேர் வரை வருவார்கள். பாதிக்கு மேல் அம்மாக்கள், கடைசி வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள்.

மூன்று சொல்லை நான்கு வாரத்துக்கு எப்படிப் பங்கிடுவது? திருவருகை வளையத்தில் வாரம் ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் சொல்கிறார்களே, அதோடு இதைச் சேர்க்கலாமா?

இன்னொன்று. திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா, பிள்ளை பிறக்கும் என்று சொன்ன வானதூதரிடம் கேள்வி கேட்டார், பேச்சு போனது. மரியாவும் கேட்டார், ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் இதைக் கட்டாயம் பிடித்துக்கொள்வார்கள். "அப்போ கீழ்ப்படிதல்னா வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வி வரும். என்ன சொல்வது?

வாசகமேடை:

நீங்கள் பிரிக்கவே வேண்டாம், ஞாயிறு வாசகங்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கின்றன. அவை மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும்; இந்த நவம்பர் 29-ல் இரண்டாம் ஆண்டு வாசகங்கள், அதாவது மாற்கு ஆண்டு, தொடங்குகின்றன. கூட்டம் என்றாலே எல்லோரும் நற்செய்தியைத்தான் எடுப்பார்கள். ஒரு தடவை இரண்டாம் வாசகங்களை (நற்செய்திக்கு முன் வரும் திருமுகப் பகுதிகளை) மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நவம்பர் 29, 1 கொரிந்தியர் 1:3-9. ஆண்டவர் வெளிப்படுவதற்காகக் காத்திருப்பது 7-ம் வசனத்தில். கடவுள் நம்பத்தக்கவர் என்பது 9-ல்.

டிசம்பர் 6, 2 பேதுரு 3:8-14. 12, 13, 14 மூன்று வசனத்திலும் "எதிர்பார்த்துக் காத்திருத்தல்" என்ற ஒரே கிரேக்க வினை. அதற்கு முன்பே 9-ம் வசனம் ஆளை மாற்றிப் போட்டுவிடுகிறது: நாம் மட்டும் காத்திருக்கவில்லை, ஒருவரும் அழியக்கூடாது என்று கடவுளும் நமக்காகப் பொறுத்துக் காத்திருக்கிறார். ஒரு கூட்டத்துக்கு இந்த ஒரு வசனமே போதும்.

டிசம்பர் 13, 1 தெசலோனிக்கர் 5:16-24. கடைசி வசனம் மறுபடி அதே இடத்துக்கு வருகிறது: அழைத்தவர் நம்பத்தக்கவர், அவரே செய்துமுடிப்பார்.

டிசம்பர் 20, உரோமையர் 16:25-27. நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கீழ்ப்படிதல். உரோமையர் திருமுகத்தின் தொடக்கத்தில், 1:5-லும் இதே சொற்றொடர் உண்டு. அந்தப் பகுதிதான் முதல் ஆண்டின் நான்காம் ஞாயிறு வாசகம். மூன்றாம் ஆண்டில் எபிரேயர் 10:5-10: உமது திருவுளத்தை நிறைவேற்ற, இதோ வருகிறேன். மூன்று ஆண்டிலும் கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறு கீழ்ப்படிதலில்தான் வந்து நிற்கிறது. மரியாவும் யோசேப்பும் நற்செய்தியில் இருப்பதால் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கவனியுங்கள், நம்பிக்கை பற்றிய இரண்டு வாசகமும் "நீங்கள் நம்புங்கள்" என்று தொடங்கவில்லை. அவர் நம்பத்தக்கவர் என்றுதான் சொல்கின்றன. கூட்டத்தில் இது தலைகீழாகிவிடும். "நமக்கு நம்பிக்கை குறைவு" என்று ஆளாளுக்குக் குற்றம் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் வாசகம் காணாமல் போய்விடும்.

சொல்லிலேயே ஒரு சிக்கலும் உண்டு. மூத்தவர்களுக்கு "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்ற பழைய வரிசைதான் மனப்பாடம். அதில் நம்பிக்கை இரண்டாவது; இன்று நாம் எதிர்நோக்கு என்பதை அவர்கள் நம்பிக்கை என்பார்கள். இன்றைய திருவிவிலிய மொழிபெயர்ப்பில் விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது. "இந்தத் தலைப்பில் நம்பிக்கை என்றால் பழைய விசுவாசம்" என்று முதல் கூட்டத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மெழுகுதிரிப் பெயர்களைச் சேர்க்காதீர்கள். அவை பக்தி வழக்கம், திருப்பலி நூலில் கிடையாது. வளையமே 1839-ல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்காகச் செய்தது. மூன்றோடு நான்கைக் கூட்டினால் ஏழு சொல். 45 நிமிடம் தாங்காது.

முதல் ஞாயிறு நற்செய்தியில் (மாற்கு 13:33-37) பிறப்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. டிசம்பர் 16 வரை வழிபாடு கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைத்தான் முன்வைக்கிறது. 17 முதல்தான் பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகிறது. அந்தச் சிறு உவமையில் வீட்டுத் தலைவர் வெளியூர் போகும்போது ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாயில்காவலரின் வேலை விழித்திருப்பது. மற்றவர்களுக்கு வேறு வேலை. காத்திருப்பது என்றால் எல்லோரும் வாசலில் போய் நிற்பது இல்லை.

சொற்கிடங்கு:

செக்கரியா, மரியா கேள்விக்கு இந்த ஆண்டு நாட்காட்டியே உதவுகிறது. டிசம்பர் 19 சனிக்கிழமைத் திருப்பலியில் லூக்கா 1:5-25, மறுநாள் ஞாயிறு 1:26-38. இரண்டு பேரும் அடுத்தடுத்த நாளில் வருகிறார்கள். நான்காம் கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

செக்கரியா கேட்டது, "இது நடக்கும் என்று எதை வைத்து நான் தெரிந்துகொள்வது?" மரியா கேட்டது, "இது எப்படி நடக்கும்?" முன்னவர் அத்தாட்சி கேட்கிறார், பின்னவர் வழி கேட்கிறார். கேள்வி கேட்டதே குற்றம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொடக்கநூல் 15:8-ல் ஆபிரகாம் கேட்டதும் கிரேக்க மொழிபெயர்ப்பில் செக்கரியாவின் அதே சொற்கள்தான், அவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் செக்கரியா குரு, தூபம் காட்டும் நேரம், அவருடைய மன்றாட்டுக்குத்தான் பதில் வந்திருக்கிறது (1:13), முதிர்ந்த வயதில் பிள்ளை பெற்ற ஆபிரகாம், சாராவின் கதை அவருக்குத் தெரியாததும் அல்ல. மரியாவுக்கு முன்மாதிரி என்று ஒருவரும் இல்லை. அவர் கேட்காமலே எலிசபெத்து அடையாளமாகச் சொல்லப்படுகிறார். செக்கரியா கேட்ட அடையாளமும் கிடைத்தது: அவருடைய ஊமைநிலை. வெளியே மக்கள் காத்திருக்க (1:21), வந்து சைகைதான் காட்ட முடிந்தது.

அவர் கதை அங்கே முடியவில்லை. டிசம்பர் 23 நற்செய்தியில் பலகை கேட்டு வாங்கி, "இக்குழந்தையின் பெயர் யோவான்" என்று எழுதுகிறார். சொந்தக்காரர்கள் அப்பா பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தூதர் சொன்ன பெயரை அவர் எழுதுகிறார். நாக்கு அவிழ்கிறது. டிசம்பர் 24 காலைத் திருப்பலியில் அவருடைய பாடல். கீழ்ப்படிதலுக்கு மரியாவை மட்டும் காட்டாமல், பத்து மாதம் தாமதமாக வந்து சேர்ந்த இவரையும் காட்டுங்கள். கடைசி வரிசைக்கு இவர்தான் நெருக்கமாக இருப்பார்.

"உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" (1:38) என்பதை வாசிப்பவர் குரலைத் தாழ்த்திச் சலிப்போடு வாசித்தால், "சரி, நடக்கிறது நடக்கட்டும்" என்று ஆகிவிடும். கிரேக்கத்தில் அது விருப்பத்தைக் காட்டும் வினைவடிவம். "வாழ்க" என்பதில் இருக்கும் விழைவு மாதிரி. கெத்சமனியில் "உம் திருவுளப்படியே ஆகட்டும்" என்ற இடத்தில் (மத்தேயு 26:42) வடிவம் வேறு. வாசிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மகிழ்ச்சியோடு வாசிக்கச் சொல்லி.

கீழ்ப்படிதல் என்ற நம் சொல்லில் கீழே படிவதுதான் முன்னால் நிற்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்குள் இருப்பது செவிமடுத்தல். தமிழில் அதற்குக் "கேள்" என்ற சொல் கைவசம் இருக்கிறது: காது கொடுத்துக் கேட்பது, கேள்வி கேட்பது, "சொன்னால் கேள்" என்பது, மூன்றும் ஒரே வினை. 26-லிருந்து 38 வரை மரியா இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்கிறார். வாயை மூடிக்கொள்வதா என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

மண்விளக்கு:

மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், முக்கியமாக அம்மாக்கள் பாதிக்கு மேல் என்பதால். "மரியாவைப் போல் கீழ்ப்படி" என்பது நம் வீடுகளில் மருமகளைப் பார்த்துச் சொல்லப்படும் வசனமாகிவிட்டது. லூக்காவில் அப்படி இல்லை. கபிரியேல் தந்தையிடமும் பேசவில்லை, யோசேப்பிடமும் பேசவில்லை. மரியா யாரிடமும் அனுமதி கேட்டுவிட்டுச் "சரி" சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே எழுந்து விரைந்து மலைநாட்டுக்குப் போகிறார். பகிர்வு "பொறுத்துப் போகணும், அடங்கிப் போகணும்" என்று போனால் 39-ம் வசனத்தை மறுபடி வாசியுங்கள்.

மத்தேயு 2-ல் ஞானிகள் ஏரோதிடம் திரும்பிப் போகவில்லை. அரசன் சொன்னதை மீறியதுதான் அங்கே கீழ்ப்படிதல்.

நான்காம் ஞாயிற்றின் முதல் வாசகத்தையும் (2 சாமுவேல் 7) விட்டுவிடாதீர்கள். தாவீது கோவில் கட்டலாம் என்கிறார். நாத்தானும் "செய்யும்" என்கிறார். அன்று இரவே ஆண்டவர் மாற்றிச் சொல்கிறார். நல்ல திட்டத்தைக்கூட நிறுத்திக்கொள்வது என்ற வகைக் கீழ்ப்படிதல் இது. எந்தப் பங்குப் பேரவைக்கும் உடனே புரியும்.

வாசகமேடையிடம் ஒரு மாறுபாடு: 2 பேதுரு பகுதியில் வானம் எரிந்து கரைவது வரும். முழுவதும் வாசித்தால் பேச்சு உலகம் எப்போது முடியும் என்று போய், திரும்பி வராது. 8, 9-ம் வசனத்தோடு நிறுத்தலாம்.

நெய்தல்:

மூவருக்கும் நன்றி. 45 நிமிடத்தை எப்படி வெட்டுவது? வளையம், குடில் பற்றியும் சொல்லுங்கள்.

பீடப்பணி:

மெழுகுதிரி ஏற்றுதல், பாடல் 5 நிமிடம். வாசகம் இரண்டு முறை, இரண்டு குரலில், 6. மௌனம் 3, கடிகாரத்தைப் பார்த்து 3. நடத்துகிறவர்தான் ஒரு நிமிடத்தில் பொறுமை இழந்து பாட்டைத் தொடங்கிவிடுவார். காத்திருத்தலைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அது வேடிக்கையாக இருக்கும். விளக்கம் 8, பகிர்வு 15, மன்றாட்டு 5. மிச்சம் 3 நிமிடம் எப்படியும் தாமதத்தில் போகும். உரோமையர் 16:25-27 கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். முன்தயாரிப்பு இல்லாத வாசகர் நடுவில் மூச்சு வாங்குவார். முந்தின வாரமே ஆளைச் சொல்லிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான்கு திரியும் ஒரே உயரத்தில் வாங்கினால், கூட்டத்துக்கு 20 நிமிடம் என்று எரித்தாலும் முதல் திரி 80 நிமிடம், இரண்டாவது 60, மூன்றாவது 40, கடைசி 20 எரியும். படிக்கட்டு மாதிரி இறங்கி நிற்பதுதான் அழகு, புதுத் திரி மாற்ற வேண்டாம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளை போதும். சவுக்குத் தழை ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தது சட்டென்று பற்றும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதுத் தழை வையுங்கள், திரியின் அடியை ஈரமணல் தட்டில் ஊன்றுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

திருப்பலியில் வானவர் கீதம் ("உன்னதங்களிலே" பாடல்) இல்லை, அல்லேலூயா உண்டு. தவக்காலம் மாதிரி இரண்டையும் எடுத்துவிடும் பாடகர் குழுக்கள் இருக்கின்றன, சொல்லி வையுங்கள். டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழாவில் வானவர் கீதம் பாடலாம்.

குடிலை நான்காம் கூட்டத்துக்கு வைத்துவிடலாம். குழந்தை இயேசு சுரூபம் மட்டும் 24 இரவு வரை பெட்டிக்குள் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் எடுத்து வைத்துவிடுவார்கள். பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.