மறு: ஸ்பேஷியல் ஸ்கேலுக்கு ‘அளவுகோல்’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

‘ஸ்பேஷியல் ஸ்கேல்’ (spatial scale) என்ற ஆங்கில அறிவியல் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் சொன்ன ‘இட அளவுகோல்’ வரைபடத்துக்குப் பொருந்தும், அங்கே இருக்கட்டும். இலைமேல் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதும்போதுதான் இடறுகிறது. அளவுகோல் என்றதும் கையில் பிடித்து அளக்கிற கருவிதான் முதலில் தோன்றும். நாம் சொல்ல வருவது, எவ்வளவு கிட்டே போய் அல்லது எவ்வளவு தள்ளி நின்று பார்க்கிறோம் என்பதை. ‘பரப்பளவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அது ஏக்கர் சென்ட்டுக்குப் போய்விடும்.

என் பரிந்துரை ‘அளவுநிலை’. கால அளவுநிலையோடு (டைம் ஸ்கேல்) குழம்பும் இடத்தில் மட்டும் ‘இட’ என்று முன்னால் சேர்த்தால் போதும்.

எங்கள் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலையில் வைத்துப் பார்ப்போம். ஒரு பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம். ஒரு சதுர சென்டிமீட்டர் இலையில் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரைகூட இருக்கும், ஆனால் சீராகப் பரவி இருக்காது. நரம்போரப் பள்ளம், இலைமயிரின் அடி, இலைத்துளையின் விளிம்பு என்று ஈரமும் உணவும் கிடைக்கிற இடமாகப் பார்த்துத் திட்டுத்திட்டாகக் கூடியிருக்கும். இலையைக் கழுவி, அந்த நீரில் உள்ள பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணினால் திட்டுகள் எல்லாம் கலைந்து ஒற்றை எண் ஆகிவிடுகிறது. இலைக்கு இலையும் இதே கதைதான். இலைமேல் பாக்டீரியாவை ஆராய்ந்த ஹிரானோவும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் காட்டினார்களே, பெரும்பாலான இலைகளில் கொஞ்சம், சில இலைகளில் மிக அதிகம், அதனால் பல இலைகளை மொத்தமாகக் கழுவி எடுக்கிற சராசரி வழக்கமான ஓர் இலையின் நிலையைவிடக் கூடுதலாகவே காட்டும் என்று. ஆக ஓர் இலையைக் கழுவி எடுத்த எண்ணை ‘இலை அளவுநிலையில் சரி, செடி அளவுநிலையில் தவறு’ என்று எழுத முடிகிறது. இந்த வாக்கியத்தில் ‘அளவுகோலை’ வைத்துப் பாருங்கள், நிற்காது.

அப்புறம் தேயிலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோய். கொழுந்தின் மேற்பக்கம் சிறு குழி, திருப்பினால் அடியில் வெள்ளையாக, வெல்வெட்டு போல உப்பல். இந்தப் பூஞ்சை இளந்தளிரைத்தான் பிடிக்கும், அதற்கும் இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும். ஆனால் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) காற்றில் போகிறது. கவாத்து வெட்டித் துளிர்த்த தோட்டத்துக்கு ஒருவர் தவறாமல் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்து அடித்தாலும், மேட்டுப் பக்கத் தோட்டம் அடிக்காமல் கிடந்தால் அடுத்துவரும் தளிருக்கு மறுபடி வித்து வந்து விழும். மருந்து வேலை செய்வது இலை அளவுநிலையில், நோய் நகர்வது சரிவு அளவுநிலையில். சிறு விவசாயிகளிடம் இதைத் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

‘நிலை’ ஏற்கெனவே ஏகப்பட்ட சொற்களில் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் நுண், இலை, செடி, தோட்டம், சரிவு எதை முன்னால் வைத்தாலும் ‘அளவுநிலை’ ஒட்டிக்கொள்கிறது, வேற்றுமை உருபும் தடங்கலில்லாமல் ஏறுகிறது. ‘அடுக்கு’ என்றால் ஒன்றின் மேல் ஒன்று என்று ஆகிவிடும், வேண்டாம்.

நுண்ணுயிர்கள் வாழும் இலைப்பரப்பைக் குறிக்கும் பில்லோஸ்பியருக்கு ‘இலைமண்டலம்’ என்றே வைத்துக்கொள்வோம், வேரைச் சுற்றிய மண்ணைக் குறிக்கும் ‘வேர்மண்டலம்’ பக்கத்தில் எளிதாக நிற்கும்.

வேறு சொல் தோன்றினால் தனியாக அனுப்பாமல், மேலே சொன்ன கொப்புள நோய் வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள் ஐயா.